வாசகர் கேள்வி

கேள்வி: வாஸ்கோ ட காமாவின் ஆட்கள் கோழிக்கோட்டில் இறங்கியதும் முதலில் என்ன பார்த்தார்கள்?

பதில்: 1498 மே மாதம் முதலில் கரையேறியது காமா இல்லை, கப்பலில் வந்த ஒரு தண்டனைக் கைதி. அவரை ஊர்க்காரர்கள் கூட்டிப்போனது துனிசிலிருந்து வந்திருந்த இரண்டு பேரிடம், அவர்களோ ஐரோப்பிய மொழியிலேயே 'உன்னை எது இங்கே கொண்டுவந்தது' என்று திட்டிவிட்டு, அப்புறம் கோதுமை ரொட்டியும் தேனும் கொடுத்தார்கள். எத்தனை மாதக் கப்பல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தேன்! எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரியைப் பார்க்கப் போகும் வழியில் காமாவும் அவர் ஆட்களும் ஒரு கோவிலைத் தேவாலயம் என்றே நம்பிக் கும்பிட்டார்கள். சுவரில் நாலைந்து கைகளோடு, பல் துருத்திய உருவங்கள். அவற்றையும் புனிதர்கள் என்றே உடன் வந்தவர் குறித்துவைத்தார். நெற்றியில் இட வெள்ளைப் பொடி கொடுத்தபோது மட்டும் காமா, பிறகு இட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.