மச்சான் போட்ட பணம்: கடனா, பங்கா?

கேள்வி: திண்டுக்கல்லில் சின்னதாக எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். இரண்டரை வருடத்துக்கு முன்பு கடை தொடங்கியபோது என் மனைவியின் அண்ணன் 6 லட்சம் கொடுத்தார். 4 லட்சம் வங்கிக் கணக்கில் போட்டார். 2 லட்சம் ரொக்கம். சொந்தத்துக்குள் எதற்கு என்று எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. வியாபாரத்தைப் பொறுத்து மாதம் 5,000, 8,000, தீபாவளி மாதத்தில் 12,000 என்று கொடுத்து வந்தேன். இப்போது ‘கடையில் பாதி என்னுடையது’ என்கிறார். சட்டப்படி அவருக்குப் பாதி உண்டா?

பதில்: பணம் போட்டார் என்பதற்காகவே பாதி வந்துவிடாது. லாபத்தைப் பொறுத்துத் தொகை வாங்கினார் என்பதால் மட்டும் அவர் பார்ட்னர் ஆகிவிடவும் மாட்டார். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. ஜிஎஸ்டி, வாடகை ஒப்பந்தம், கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் உங்களுக்குப் பலம்தான்.

ஆனால் அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மாதாமாதம் ஒரே தொகை கொடுத்திருந்தால் வட்டி என்று சொல்லிவிடலாம். உங்கள் தொகை ஏறி இறங்கியிருக்கிறது. அவர் கல்லாவில் உட்கார்ந்தாரா, சரக்கு எடுப்பதில் முடிவு செய்தாரா, வாட்ஸ்அப்பில் நீங்களே ‘நம்ம ரெண்டு பேர் கடை’ என்று எழுதினீர்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீதிமன்றம் பார்க்கும். பார்ட்னர்தான் என்று முடிவாகிவிட்டால், எழுத்தில் ஒன்றும் இல்லாத நிலையில் யார் எவ்வளவு முதல் போட்டார் என்று சட்டம் கேட்காது. நீங்கள் 14 லட்சம், அவர் 6 லட்சம் என்றாலும் லாபம் சரிபாதி. காலை முதல் ராத்திரி வரை கடையில் நிற்பதற்குச் சம்பளமும் கேட்க முடியாது.

மச்சானிடம் இதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். பார்ட்னர் என்றால் கடைக் கடனுக்கும் பார்ட்னர். ஒயர் ஏஜென்சிக்கு நிற்கிற பாக்கி முழுவதையும் அவர் ஒருவரிடமே கேட்கலாம். வீடு, நிலம் வரை கை வைக்கலாம். பாதி கேட்டு வந்தவர்கள் இதைக் கேட்டதும் ‘சரி, கடனாகவே இருக்கட்டும்’ என்று இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘ரெஜிஸ்டர் பண்ணாத பார்ட்னர்ஷிப், அவரால் கேஸே போட முடியாது’ என்று யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம். கலைக்கச் சொல்லியும் கணக்குக் கேட்டும் போடலாம். நம் ஊர் வாய்தா வேகத்தில் அது முடிவதற்குள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகிவிடும்.

அடுத்து நீங்கள் எங்கே போவீர்கள் என்று எனக்குத் தெரியும். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் மேசை போட்டிருப்பவர், “பழைய தேதி பத்திரம் இருக்கு சார், கடை திறந்த அன்னைக்கே எழுதின மாதிரி போட்டுடலாம்” என்பார். வேண்டவே வேண்டாம். அந்த முத்திரைத்தாளைத் திருப்பிப் பாருங்கள்: வரிசை எண், வாங்கியவர் பெயர், தேதி, விற்றவரின் முத்திரை. விற்றவரின் பதிவேட்டிலும் அதே விவரம் இருக்க வேண்டும். நீதிமன்றம் அதை வரவழைத்தால் கதை முடிந்தது. பணத் தகராறு போலி ஆவண வழக்காகிவிடும். ‘நோட்டரி சீல் இருக்கிறதே’ என்பார். நோட்டரியிடமும் பதிவேடு உண்டு. இந்த மேசைகளை யாரும் அப்புறப்படுத்தப் போவதில்லை. ஒரு சாதாரண மனுவுக்கு உள்ளே நாலு தடவை அலையவிடும் வரை வெளியே இவர்களுக்குப் பிழைப்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம், ‘நம்பிக்கைக்கு’ என்று தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் சொல்வார்கள். வேறொருவர் தொகையை நிரப்பினாலும் அந்த செக் செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இன்றைய தேதியிலேயே எழுதுங்கள். நடந்து முடிந்ததை இன்று ஒப்புக்கொண்டு எழுதுவதில் தப்பே இல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எப்படி வந்தது, இதுவரை கொடுத்தது வட்டி, அசல் இவ்வளவு நிற்கிறது, இந்தத் தேதிக்குள் அடைபடும், கடையில் அவருக்குப் பங்கு இல்லை. இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கு ஒரு சாட்சி. உங்கள் மாமனார் சாட்சியாக வந்தால் இன்னும் நல்லது.

‘இன்னும் ஆறு மாதத்தில் மூன்று வருடம் முடிகிறதே, இழுத்துவிட்டால் கடன் காலாவதியாகிவிடுமே’ என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். உண்மைதான், இந்தக் கையெழுத்தால் அவருக்குப் புதிதாக 3 வருடம் கிடைக்கும். ஆனால் கடனே இல்லை என்று நீங்கள் சொன்னால், அந்த 6 லட்சம் பங்குப் பணம்தான் என்ற அவர் வாதத்துக்கு நீங்களே வழிவிட்டதாகும்.

உங்கள் வருமானவரிக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். ஐடிஆர்-4 (சிறு வியாபாரிகள் உத்தேச வருமானம் காட்டும் படிவம்) போடுகிறவர் என்றால் அதில் ‘அன்செக்யூர்டு லோன்’, அதாவது அடமானம் இல்லாத கடன், என்று ஒரு கட்டம் இருக்கும். கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அதைக் காலியாக விட்டிருந்தால், இனிவரும் வருடங்களிலாவது நிற்கிற தொகையைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ரொக்கம் 2 லட்சம். வருமானவரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு. ‘மச்சானுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, விவசாயப் பணம் என்று எழுதிக்கலாம்’ என்று அதே மேசைக்காரர் சொல்வார். அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருக்க வேண்டும். இருவருக்குமே வரி விதிக்கத்தக்க வருமானம் இருக்கக் கூடாது. அவருக்குத் தோப்பு மட்டும் இருந்தால் போதாது. உங்களுக்கும் வயல் இருந்தால்கூட, கடை வருமானத்துக்கு வரி வருகிறதென்றால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை. பொய்யாக எதையும் எழுதாதீர்கள். நோட்டீஸ் வந்தால், ஏன் ரொக்கமாக வாங்க வேண்டி வந்தது என்பதற்கு நியாயமான காரணம் காட்டி வாதாட இடம் உண்டு.

திருப்பிக் கொடுப்பதையாவது வங்கி வழியாகச் செய்யுங்கள். 10,000, 10,000 ஆகப் பிரித்து ரொக்கமாகக் கொடுத்தால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள்; பாக்கி நிற்கிற மொத்தக் கடனைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மாத வட்டியையும் அவர் கணக்கிலேயே போடுங்கள், ஒரே தொகையாக.