அம்பாசடர் டைமிங்: உங்க கேள்விக்கெல்லாம் ஒரே இடத்துல பதில்

கேள்வி: அண்ணே, பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். போன மாசம் புது பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடி ஸ்பார்க் வர வைக்கிற சின்ன சுவிட்ச்) போட்டு டைமிங் (ஸ்பார்க் வர்ற நேரம்) வச்சாங்க, இப்ப இழுவையே இல்ல. ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்புற அந்த டிஸ்ட்ரிபியூட்டரை கொஞ்சம் திருப்பி பாக்கவா?

பதில்: அவசரப்பட்டு திருப்பாதீங்க தம்பி, முதல்ல டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய கழட்டி பாயின்ட் கேப்பை (பாயின்ட் திறந்திருக்கும்போது இருக்கிற இடைவெளி) பாருங்க. நடுவுல சுத்தி பாயின்ட்டை திறக்குற கேம்ல உரசுற அந்த ஃபைபர் கட்டை புதுசுல சீக்கிரம் தேயும், தேஞ்சா கேப் குறையும், கேப் குறைஞ்சா பாயின்ட் லேட்டா திறக்கும், டைமிங் தானா ரிடார்ட் ஆயிடும், அதாவது ஸ்பார்க் லேட்டா வரும். லூகாஸ் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர்னா ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) வச்சு 0.35லேர்ந்து 0.40 மில்லிமீட்டர். கேம்ல துளியூண்டு கிரீஸ். எப்பவும் கேப் முதல்ல, டைமிங் அப்புறம்தான்.

கேள்வி: டைமிங் லைட் (ஸ்பார்க்குக்கு ஏத்தபடி மின்னி மார்க்கை காட்டுற விளக்கு) இல்ல சார், பல்பு வச்சே பாக்கலாமா?

பதில்: தாராளமா. வண்டி நியூட்ரல்ல, வீலுக்கு கல்லு, சாவி ஆஃப். பிளக் எல்லாத்தையும் கழட்டி ஒண்ணாம் சிலிண்டர் ஓட்டையில கட்டை விரல வச்சுக்கிட்டு எஞ்சினை கையால சுத்துற ஹேண்டிலை இன்னொருத்தர மெதுவா சுத்தச் சொல்லுங்க, விரல காத்து தள்ளினா அதுதான் கம்ப்ரஷன், அப்படியே புல்லி மார்க்கை மேனுவல்ல சொன்ன டிகிரிக்கு கொண்டு வாங்க. ஹேண்டிலை வெளிய எடுத்துருங்க, காயில்லேர்ந்து மூடிக்கு வர்ற தடிச்ச வயரை புடுங்கி எஞ்சின் இரும்புல எர்த் பண்ணிருங்க, பெட்ரோல் வாடை இருக்கிற இடத்துல ஸ்பார்க் பறக்கக் கூடாது. 12 வோல்ட் பல்போட ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டர்ல காயில்லேர்ந்து சின்ன வயர் வர்ற முனையில, இன்னொண்ணு எர்த்துல. சாவிய போட்டு கிளாம்ப்பை லூஸ் பண்ணி டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் (மூடிக்குள்ள சுத்துற துண்டு) சுத்துற பக்கமா திருப்பினா பல்பு அணையும், அங்கேர்ந்து எதிர்ப்பக்கம் மெதுவா வாங்க, எரிய ஆரம்பிக்கிற அந்த இடத்துலயே டைட். உடனே சாவிய ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா காயில் சூடாயிடும்.

கேள்வி: லைட் வாங்கிட்டேன், எதுல கவனமா இருக்கணும்?

பதில்: ஃபேன்ல! அந்த வெளிச்சத்துல ஓடுற ஃபேன் நின்னுட்ட மாதிரியே தெரியும். நானே ஒரு தடவை மார்க்குல சாக்பீஸ் தடவ கைய நீட்டிட்டேன், பக்கத்துல இருந்தவர் கத்தினதால விரல் தப்பிச்சுது. சாக்பீஸ் எஞ்சின் நிக்கும்போதே தடவிருங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற வேக்குவம் டியூபை கழட்டி அடைச்சுட்டு ஐடில்ல பாருங்க. மூடின ஷெட்டுல வேண்டவே வேண்டாம், புகை ஆளையே கொல்லும்.

கேள்வி: மேடு ஏறும்போது டிங் டிங்னு சத்தம், ஹேண்டில் போட்டா திருப்பி உதைக்குது.

பதில்: அட்வான்ஸ் ஜாஸ்தி, ஸ்பார்க் ரொம்ப சீக்கிரம் வருது. டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுத்துற பக்கமா மயிரிழை திருப்புங்க, டிஸ்ட்ரிபியூட்டர்ல 1 டிகிரின்னா எஞ்சினோட கிராங்க் தண்டுல 2. சரி பண்ற வரைக்கும் ஹேண்டில் பக்கமே போகாதீங்க, சரி பண்ணப்புறமும் கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கமா வச்சுதான் புடிங்க, உதைச்சா பிடி தானா விட்டு கை தப்பிச்சுரும்.