ஸ்க்ரீன் துணி: மீட்டர் கணக்கும் மேற்குக் காற்றும்

கேள்வி (செங்கோட்டை): ஹாலில் மேற்குப் பார்த்த ஜன்னல்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 6 அடி அகலம், 4½ அடி உயரம். கீழ்ச்சுவர் 3 அடி. ஸ்க்ரீன் (திரைச்சீலை) தைக்கக் கடைக்காரர் 12½ மீட்டர் துணி போதும் என்கிறார், தையல்காரர் 22 மீட்டர் கேட்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு ஸ்க்ரீனை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஜன்னலின் இருபுறமும் அரை அடி நீட்டி ராடு மாட்டினால் அகலம் 84 அங்குலம். கொசுவம் ஒழுங்காக விழ, துணி அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். ஸ்க்ரீன் துணியின் பன்னா, அதாவது துணியின் அகலம், பெரும்பாலும் 48 அங்குலம். ஓரம் மடித்துத் தைத்தபின் 45 நிற்கும். இந்த அகலத் துண்டு ஒன்றை ஒரு பாகம் என்போம். ஜன்னலுக்கு நாலு பாகம் போட்டால் 180 அங்குலம், அதாவது 2.1 மடங்கு. மூன்று பாகம் என்றால் 135தான். மூடினால் கொசுவம் சரியாக விழாமல் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தட்டையாக நிற்கும்.

உயரத்துக்கு வருவோம். ஜன்னலுக்கு மேலே 6, கீழே 8 அங்குலம் விட்டால் தொங்கும் நீளம் 68. மேல்மடிப்புக்கும் அடிமடிப்புக்கும் சேர்த்து 12 கூட்டினால், வெட்ட வேண்டியது 80 அங்குலம். எட்டுப் பாகத்துக்கு 640 அங்குலம், 16¼ மீட்டர் சொச்சம், 16½ வாங்கலாம். கடைக்காரர் ஜன்னலுக்கு மூன்று பாகம்தான் எண்ணியிருக்கிறார். தையல்காரர் நாலு பாகத்தையும் தரைவரை இறக்கியிருக்கிறார்: 108 அங்குலம் வீதம் எட்டுக்கு 22 மீட்டர்.

உங்கள் ஊருக்கு நான் தரைவரை சொல்லமாட்டேன். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று நீளமான துணியைத் தூக்கி கிரில்லில் மாட்டிவிடும். அதோடு சாரலும் நனைக்கும். 68 அங்குலமே நல்லது. அடிமடிப்பை 4 அங்குலமாக இரட்டையாக மடித்து, இரு மூலைகளிலும் கனத்துக்குச் சின்ன ஈயத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பெரிய பூப்போட்ட துணி என்றால் கணக்கு மாறும். பூ 24 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பி வந்தால், பக்கத்துப் பாகத்தோடு பொருந்த ஒவ்வொன்றையும் 80க்குப் பதில் 96 அங்குலமாக வெட்ட வேண்டிவரும். 16½ மீட்டர் 19½ ஆகிவிடும். மீட்டருக்கு இருபது ரூபாய் பேரம் பேசுகிறவர்கள் இந்த மூன்று மீட்டரைக் கவனிப்பதில்லை.

துணி எது? பிற்பகல் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த சுவர் அது. மூன்றடுக்காக நெய்து நடுவில் கறுப்பு நூல் ஓடும், வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்-அவுட் பாலியஸ்டர் எடுங்கள். சீக்கிரம் காயும், வெயிலுக்கும் தாங்கும். பட்டு வேண்டவே வேண்டாம். லைனிங் இல்லாமல் மேற்கு வெயிலில் தொங்கினால் கொசுவ முனைகளில் நார்நாராகப் பிரியும்.

கேள்வி (கொல்லங்கோடு, கடற்கரை ஓரம்): கண்ணூர் கைத்தறித் துணியில்தான் ஸ்க்ரீன் போட ஆசை. பூஞ்சணம் பிடிக்கும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: வீட்டில் சொல்வதில் பாதி சரி. பூஞ்சணத்துக்குத் தீனி பருத்தி மட்டுமல்ல, அதிலுள்ள கஞ்சியும் படியும் தூசியும்தான். காற்றோட்டமான உள்ளறைகளில் தாராளமாகப் போடலாம். குளியலறைப் பக்கமும் சமையலறையிலும் வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் இப்போதே சுருங்கிவிடும். 7 அடிக் கதவு ஸ்க்ரீன் நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே நாலு அங்குலத்துக்கு மேல் ஏறி நிற்கும். ஆகவே, வாங்கும்போதே அந்த அளவு கூட்டி வாங்குங்கள். லைனிங்கை மேலே மட்டும் சேர்த்துத் தைக்க வேண்டும். நாலு பக்கமும் தைத்தால் இரண்டு துணியும் வேறுவேறாகச் சுருங்கி, அடியில் சுளுக்கிக்கொள்ளும்.

உப்புக்காற்றில் முதலில் கெடுவது துணியல்ல, ராடு நுழையும் வளையமான ஐலெட். முலாம் பூசிய இரும்பு வளையம் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். அந்தக் கறை லேசில் போகாது. கடைக்குக் காந்தம் கொண்டுபோங்கள், பலமாக ஒட்டினால் இரும்பு. பிளாஸ்டிக் வளையமே போதும். ஒரு பாகத்துக்கு எட்டு, அதாவது இரட்டைப்படையில் இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி அடங்கும்.

கேள்வி (கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டாரம்): இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறேன். பிளாக்-அவுட் துணி நல்லதா?

பதில்: முழு இருட்டு வேண்டுமென்றால் அதுதான். பின்பக்கம் ரப்பர் மாதிரிப் பூச்சு இருக்கும். ஒரு மூலையை நான்காக மடித்து அழுத்தி, பிரித்து, கைபேசி விளக்கைப் பின்னால் பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் வெளிச்சம் கசிந்தால் பூச்சு சீக்கிரம் உரியும். முறுக்கிப் பிழியாதீர்கள், மடித்து அடுக்காதீர்கள். வெளிச்சம் பெரும்பாலும் துணி வழியாக வராது, பக்கவாட்டில்தான் வரும். ராட்டை இருபுறமும் 8 அங்குலம் நீட்டுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): திருவனந்தபுரத்தில் வாங்கிய ஸ்க்ரீன் துணி முதல் அலசலிலேயே சாயம் போனது. ‘வெட்டிய துணி திரும்ப எடுக்கமாட்டோம்’ என்கிறார்கள். வழக்குப் போட அங்கேதான் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். அதற்குமுன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள்.

நிறம் பிடிக்கவில்லை என்று வெட்டிய துணியைத் திருப்பினால் கடை மறுக்கலாம். குறையுள்ள துணி விஷயம் வேறு. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பது, சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் துவைக்கும் முறை பற்றிக் கடை எழுதித் தந்திருந்து நீங்கள் மீறியிருந்தால் வழக்கு தளர்ந்துபோகும்.

அலசாத துண்டு ஒன்றும் சாயம் போன துண்டு ஒன்றும் பில்லோடு பத்திரமாக இருக்கட்டும். மிச்சம் வாங்குவதாக இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்தபின் வெட்டச் சொல்லுங்கள்.