ஐயாவின் அம்பாசிடரும் இசுசு எஞ்சினும்

கேள்வி: கானாடுகாத்தான் அருகே எங்கள் பொது வீட்டு ஷெட்டில், ஐயா (அப்பாவின் அப்பா) 1968-ல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 ஓடாமல் நின்றது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு 1800 இசுசு பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் பாக்ஸ், பவர் ஸ்டியரிங், முன்பக்க டிஸ்க் பிரேக், ஏசி எல்லாம் போடச் சொன்னேன். பேசியது 9 லட்சம். 6 லட்சம் கொடுத்துவிட்டேன். இப்போது இன்னும் 5 லட்சம் வைத்தால்தான் வண்டி என்கிறார்கள். ஆர்.சி. புக் ஐயா பெயரில்தான் இருக்கிறது. ஐயாவும் இல்லை, அப்பச்சியும் (என் அப்பா) இல்லை. பெரியப்பச்சி (பெரியப்பா) மகனோ, "யாரைக் கேட்டு வண்டியை அறுத்தாய், எனக்கும் பங்கு உண்டு" என்று சண்டைக்கு வருகிறார். விண்டேஜ் நம்பர் (பழம்பெரும் வண்டிகளுக்கான தனிப் பதிவு) வாங்கி, பக்கத்து ஹோட்டலில் நடக்கும் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட நினைத்திருந்தேன். முடியுமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் இன்றே செய்யுங்கள்: பழைய எஞ்சினும் கியர் பாக்ஸும் எங்கே இருக்கின்றன என்று ஒர்க்‌ஷாப்பைக் கேளுங்கள். அவற்றைத் தன் இஷ்டத்துக்கு விற்கவோ பழைய இரும்புக்குப் போடவோ கூடாது என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பணம், பங்கு எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த எஞ்சின் தொலைந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது சாலையில் ஓட்ட முடியாத ஓர் அழகான கார்.

காரணம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. உங்கள் ஆர்.சி.யில் எஞ்சின் கொள்ளளவு 1,489 சிசி என்று இருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது 1,817 சிசி. "இதுவும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பின்னால் அம்பாசிடரிலேயே போட்டு விற்ற எஞ்சின்தானே" என்று ஒர்க்‌ஷாப் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1968-ல் அந்த வண்டியோடு வந்த விவரம் எது என்றுதான் அதிகாரி பார்ப்பார். தேய்ந்த எஞ்சினுக்குப் பதில் அதே ரக எஞ்சினை வைத்து, ஆர்டிஓ அனுமதியோடு புது எண்ணை ஏற்றிக்கொள்வது வேறு விஷயம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டி நிற்கும்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பானட்டைத் தூக்கச் சொல்வார். சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார். அடுத்து எஞ்சின் எண். அங்கேயே கதை முடிந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏசி, சீட், வயரிங் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். வண்டியின் அடிப்படை அமைப்பை அவை மாற்றுவதில்லை. கவலை வேறு இடத்தில். அம்பாசிடருக்கு லாரி போலத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியே சேஸிஸ். புது எஞ்சினை உட்கார வைக்க முன்பக்கத்தில் எதையாவது அறுத்து வெல்டிங் வைத்திருந்தால், பாடியையே மாற்றியதாக ஆகிவிடும். பெரியப்பச்சி மகன் கோபத்தில் சொன்ன 'அறுத்தாய்' என்ற வார்த்தை சட்டப்படியும் சரியாகப் பொருந்தக்கூடும். எங்கெங்கே வெட்டு, எங்கே வெல்டிங் என்று வண்டிக்கு அடியில் போட்டோ எடுத்து வையுங்கள்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே வண்டியில் அங்கீகாரம் பெற்ற மாற்றுக் கருவித் தொகுப்பை (கிட்) போட்டு பேட்டரிக்கு மாற்றியிருந்தால் 52-வது பிரிவே வழிவிடுகிறது. பெட்ரோலிலிருந்து இன்னும் வலுவான பெட்ரோலுக்குப் போவதற்குத்தான் வழியில்லை.

இனி விண்டேஜ் நம்பர். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு அந்தத் தகுதி உண்டு. உங்கள் கார் வயதில் தேறிவிட்டது. ஆனால் அசல் உருவில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி மெட்ராஸ் காலத்து மூன்றெழுத்து எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இசுசு எஞ்சினோடு போனால் கிடைக்காது. பழைய எஞ்சினைத் திரும்ப வைத்து, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பழையபடி ஆக்கிக் கேட்டுப் பார்க்கலாம். முன்பக்கத்தை வெட்டியிருந்தால் அதுவும் சந்தேகம்தான். வேகமும் சொகுசும் வேண்டுமா, விண்டேஜ் அந்தஸ்து வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் கிடைக்காது.

வாடகை யோசனையை விட்டுவிடுங்கள். விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுக்கலாம், வணிகத்துக்குக் கூடாது. சாதாரணச் சொந்தப் பதிவு வண்டியை பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் முதல் முறையே தண்டனை உண்டு என்கிறது 192ஏ பிரிவு. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் வழியில் யார் மேலாவது மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது ஆர்.சி.யும் எஞ்சின் எண்ணும்தான். உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கைவிரிக்கும். அடிபட்டவருக்குக் கொடுத்ததை உங்களிடம் வசூலிக்கவும் பார்க்கும்.

ஒர்க்‌ஷாப் விஷயம். வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவு இடம் தருகிறது. அது பேசிய தொகையில் பாக்கியுள்ள 3 லட்சத்துக்கு. நீங்கள் ஒப்புக்கொள்ளாத கூடுதல் 2 லட்சத்துக்கு அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி பில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நீங்கள் கோவை வரை அலைய வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான சிவகங்கையிலேயே போடலாம். கொடுத்தது 6 லட்சம் என்பதால் கட்டணம் 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம்.

இங்கே உங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எஞ்சின் மாற்றமே சட்டத்துக்குப் புறம்பானது. அதைக் கேட்டவர் நீங்கள். அதற்கான பணத்தைத் திருப்பிக் கேட்டால் சட்டவிரோத ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவை எதிர்த் தரப்பு தூக்கிக்கொண்டு வரும். அதனால் கூடுதல் பில், வேலைக் குறைபாடு, "ஆர்.சி.யில் பிரச்சினை வரும்" என்று தொழில் தெரிந்தவர் எச்சரிக்காதது, பழைய பாகங்களைத் திருப்பித் தராதது ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி வெளியே வரும்போது ஓட்டி வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள்.

கடைசியாகப் பங்கு. பெரியப்பச்சி மகன் சொல்வது சரிதான். ஐயா உயில் எழுதாமல் போயிருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவின்படி அவர் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அத்தைமாருக்குச் சீர் செய்து கொடுத்தாகிவிட்டது என்ற பேச்சு ஆர்டிஓவிடம் எடுபடாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தகவல், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 என்பது விதி. உங்கள் வீட்டில் அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. தாமதக் கட்டணத்தோடு இப்போதும் செய்யலாம். தாசில்தாரிடம் ஐயாவுக்கும் அப்பச்சிக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். பிறகு எல்லோரிடமும் ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பங்காளிகள் எப்படியும் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) கூடுவார்கள், அங்கே கையெழுத்து வாங்குவது சுலபம். அத்தைமார் அந்தக் கூட்டத்தில் வர மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்களே நேரில் போக வேண்டும்.