வான் மேகரென் நாயகனா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போலி ஓவியர் ஒருவரைப் பற்றிச் சரித்திரப் படம் ஒன்று வரப்போவதாகப் படித்தேன். அந்த ஆர்வத்தில் தேடியபோது நெதர்லாந்தின் ஹான் வான் மேகரென் கதை கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்தது என்று சொல்லி ஒரு போலி ஓவியத்தை நாஜித் தலைவர் கோரிங் தலையிலேயே கட்டியிருக்கிறார்! இவர் நாயகன்தானே?

கே.

அன்புள்ள கே.,

கோரிங் ஏமாந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வான் மேகரெனை நாயகன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைத்திறனில் குறையே இல்லை. எண்ணெய் வண்ணம் நன்றாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். புதிதாக இருந்தால் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தாலே இளகிவிடும். அதனால் அவர் 17ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றை வாங்கி, மேலிருந்த வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, சூட்டில் இறுகும் பேக்கலைட் என்ற செயற்கைப் பிசினை வண்ணத்தில் சேர்த்து வரைந்தார். அடுப்பில் வைத்துச் சுட்டார். அப்புறம் உருளையில் சுற்றி வெடிப்பு விழவைத்து, அந்த வெடிப்புகளில் மை புகுத்தினார். ‘எம்மாவு விருந்து’ என்ற பைபிள் காட்சி ஓவியம் உருவானது அப்படித்தான். 1937இல் அதைப் பார்த்த ஆபிரகாம் பிரெடியஸ், 82 வயது ஓவியப் பேரறிஞர், வெர்மீரின் தலைசிறந்த படைப்பே இதுதான் என்று எழுதிவிட்டார். வெர்மீர் இத்தாலிய பாணியில் பைபிள் காட்சிகள் வரைந்திருப்பார் என்று அறிஞர்கள் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தார்கள். இவர் அதையே வரைந்து நீட்டினார். ரோட்டர்டாம் அருங்காட்சியகத்துக்காக 5 லட்சம் கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) மேல் கொடுத்து வாங்கினார்கள்.

கோரிங்கிடம் இவர் நேரில் போய் விற்கவில்லை. தரகர்கள் கைமாறித்தான் படம் அங்கே சேர்ந்தது. 1945இல், நாட்டின் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்றதாகக் கைதானபோதுதான், ‘அது நான் வரைந்த போலி’ என்று வாயைத் திறந்தார். காவலில் இருந்தபடியே இன்னொரு ‘வெர்மீர்’ வரைந்தும் காட்டினார். ஒரே நாளில் துரோகி வீரனாகிவிட்டார். 1947இல் ஓராண்டுச் சிறை விதித்தார்கள். அதை அனுபவிக்கும் முன்பே இறந்துபோனார்.

இதே மனிதரின் ஓவியத் தொகுப்பு ஒன்று பெர்லினில் ஹிட்லரின் அலுவலகத்தில் கிடைத்தது. ‘அன்புக்குரிய ஃபியூரருக்கு’ (தலைவருக்கு, அதாவது ஹிட்லருக்கு) என்று சமர்ப்பணம், கீழே இவருடைய கையெழுத்து. கையெழுத்து மட்டும்தான் தன்னுடையது, சமர்ப்பணம் வேறு யாரோ எழுதியது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இவரிடம் பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டுக்காரர்கள். 1943இல் நெதர்லாந்து அரசே ஒரு போலியை வாங்கியது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் பட்டினியால் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். இவரோ ஆம்ஸ்டர்டாமில் கால்வாயோர மாளிகையில் செல்வாக்காக வாழ்ந்தார். இவரை வைத்து யார் படம் எடுத்தாலும் அந்தக் குளிர்காலத்தையும் ஹிட்லருக்குப் போன அந்தப் புத்தகத்தையும் காட்ட வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.