ஐந்தில் இரண்டு என்று சொன்ன பிள்ளை

வணக்கம். நான் ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். வேலை நிரந்தரமானதும் ஆசிரியர்களுக்கு மெத்தனம் வந்துவிடுகிறது. எல்லோரையும் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மாற்றி, மாணவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்து நீட்டிக்கலாம் என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்து என்ன?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெத்தனமான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் திட்டம் முதலில் முடக்கப்போவது நன்றாக நடத்துகிறவர்களைத்தான்.

ஒரு கணக்கு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஒரு பிள்ளை ‘ஐந்தில் இரண்டு’ என்கிறது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. ‘தப்பு, ஆறில் ஐந்து, எழுதிக்கோ’ என்றால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நல்ல ஆசிரியர் அங்கே நின்றுவிடுவார். ‘ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிதா சின்னதா?’ என்று கேட்பார். சின்னதுதான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, அப்புறம் எப்படிக் குறைந்தது? வகுப்பே சண்டை போடும். கால் மணி நேரம் போகும், அன்றைய பாடம் முடியாது. வராந்தாவில் போகிறவர் காதில் விழுவது வெறும் சத்தம். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் அந்தக் கால் மணி நேரத்துக்குத் துணிவாரா? விடையைப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1862இல் இங்கிலாந்தில் பள்ளிகளின் அரசு மானியத்தை, ஆய்வாளர் முன்னால் பிள்ளைகள் வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டுவதோடு முடிச்சுப் போட்டார்கள். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் அப்போது பள்ளி ஆய்வாளர். அவரே இதை எதிர்த்து எழுதினார். 1890களில்தான் அதைக் கைவிட்டார்கள்.

நிரந்தர வேலை மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். மாணவர்கள் எதிரில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் நிரந்தர ஆசிரியரும் பயந்துதான் நடத்துவார்.

யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966இல் ஏற்ற பரிந்துரை, பணிப் பாதுகாப்பு ஆசிரியருக்கு மட்டுமல்ல, கல்விக்கே அவசியம் என்கிறது. வேலையில் சேர்ந்ததும் நிரந்தரமாக்கும் முன் தகுதி பார்க்கும் தகுதிகாண் பருவத்தையும் அது ஏற்கிறது. நீங்களும் அந்தப் பருவத்திலேயே கண்டிப்பாக இருங்கள். அதைத் தாண்டியவரிடம் மெத்தனம் தெரிந்தால், பாடம் நடத்தத் தெரிந்த ஒருவரை அவர் வகுப்பில் சில வாரம் உட்காரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் தெரியாதது அங்கே தெரியும்.