வீடியோ கேம்களில் மந்திரவாதியாக ஆட வருபவர்களுக்கு: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பால்டர்ஸ் கேட் 3 பற்றியவை, அதனால் அதற்குத்தான் அதிக இடம். எல்டன் ரிங், ஸ்கைரிம் கேள்விகள் கடைசியில்.

கேள்வி: அண்ணா, முதல்முறையாக விசார்டு (படித்து மந்திரம் கற்கும் கதாபாத்திர வகுப்பு) எடுத்திருக்கிறேன். இரண்டு அடியில் விழுந்துவிடுகிறேன். எங்கே தவறு?

முதல் லெவலில் ஃபைட்டருக்கு (ஆயுதத்தால் சண்டையிடும் வகுப்பு) அடிப்படை ஹெல்த் 10, விசார்டுக்கு 6தான். கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) போனஸ் தனி. அதனால் அடி தாங்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எழுந்ததும் மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு மந்திரத்தைப் போட்டுவிடுங்கள். ஒரு ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு, எண்ணிக்கை குறைவு) போகிறதே என்று யோசிக்காதீர்கள், அடுத்த நீண்ட ஓய்வு வரை அது நிற்கும். அப்புறம், சண்டை தொடங்கும் முன்பே மேடான இடம் பிடியுங்கள். மேலிருந்து எய்தால் தாக்குதல் ரோலில் (அடி படுமா என்று உருளும் பகடை) 2 கூடும், வாள்காரன் ஏறி வரவும் நேரமாகும். லெவல் 3 வந்ததும் மிஸ்டி ஸ்டெப் என்ற இடம் தாவும் மந்திரம் கட்டாயம். போனஸ் ஆக்‌ஷனிலேயே (முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) 18 மீட்டர் தள்ளிப் போய்விடலாம்.

கேள்வி: விசார்டா, சார்சரரா (பிறவியிலேயே மந்திரம் உள்ள வகுப்பு)? எதில் தொடங்கலாம்?

விசார்டுதான் என் பரிந்துரை. கிடைக்கும் ஸ்க்ரோல்களிலிருந்து (மந்திரச் சுருள்கள்) புதிய மந்திரங்களைக் கற்கலாம். சண்டையில் இல்லாதபோது சண்டைக்குத் தயாராக வைத்திருக்கும் மந்திரப் பட்டியலையும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். நிறைய மந்திரங்களைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. சார்சரருக்கு மந்திரங்கள் குறைவு, ஆனால் ஒரே மந்திரத்தை இரண்டு பேர் மேல் போடும் வித்தை உண்டு. கரிஸ்மாவும் (பேச்சு வசீகரம்) அதிகம் என்பதால் பேச்சில் காரியம் சாதிப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். பிடிக்காவிட்டால் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்து வகுப்பையே மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஹேஸ்ட் (ஒருவரின் வேகத்தைக் கூட்டும் மந்திரம்) போட்ட மறு சுற்றிலேயே கலைந்துவிடுகிறது. அப்புறம் என் ஃபைட்டர் அசையாமல் நிற்கிறான். ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி விளையாட்டு புரிந்த மாதிரி. ஹேஸ்ட் போன்ற மந்திரங்கள் உங்கள் கான்சன்ட்ரேஷனில் (மனக்குவிப்பு) நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும். அதே வகையில் இரண்டாவதைப் போட்டால் முதலாவது போய்விடும். உங்கள் மேல் அடி விழும்போதெல்லாம் ஒரு கான்ஸ்டிடியூஷன் சேவ் (தாக்குப்பிடிக்கிறோமா என்று பார்க்கும் பகடை) உருளும். தேவையான எண் 10, அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. 30 சேதம் வாங்கினால் 15 வேண்டும். தவறினால் ஹேஸ்ட் முடிந்து, அதை வாங்கியவர் களைத்துப்போய் ஒரு சுற்றை இழக்கிறார். உங்கள் ஃபைட்டர் நிற்பதன் காரணம் இதுதான்.

ஆகவே இன்டெலிஜென்ஸுக்கு (அறிவு) அடுத்தபடி கான்ஸ்டிடியூஷனையும் டெக்ஸ்டரிட்டியையும் (சுறுசுறுப்பு) கவனியுங்கள். லெவல் 4-ல் வார் காஸ்டர் என்ற சிறப்புத் திறனை எடுத்தால் அந்த சேவ் இரண்டு முறை உருண்டு நல்ல எண் எடுத்துக்கொள்ளப்படும். எல்லாவற்றையும்விட எளிய வழி: ஹேஸ்ட் போட்டுவிட்டு எதிரியின் பார்வைக்கு எட்டாமல் ஒரு சுவருக்குப் பின்னால் போய்விடுங்கள்.

கேள்வி: என் மந்திரவாதியின் சேதம் போதவில்லை. எந்த மந்திரம் அதிகம் அடிக்கும்?

முதலில் தண்ணீர் பாட்டிலை எறிந்து எதிரியை நனையுங்கள். நனைந்தவர் மேல் மின்னலும் குளிரும் இரட்டிப்பாக அடிக்கும். நெருப்பு மட்டும் அப்போது வேலைக்கு ஆகாது, பாதியாகக் குறையும்.

ஆனால் நான் உண்மையில் சொல்ல விரும்புவது வேறு. மந்திரவாதியைச் சேதக் கணக்கில் அளக்காதீர்கள். எதிரியின் எத்தனை சுற்றுகளைப் பறித்தீர்கள் என்று பாருங்கள். தொடக்க லெவலில் ஸ்லீப் என்ற தூக்க மந்திரம் போட்டால் மொத்தம் 24 ஹெல்த் வரையுள்ள எதிரிகள் சேவ் எதுவும் இல்லாமல் தூங்கிவிடுவார்கள். பிற்பாடு ஹிப்னாடிக் பேட்டர்ன் என்ற மயக்கும் மந்திரம் ஒரு கூட்டத்தையே நிறுத்தும். தூங்குபவரை அடித்தால் விழித்துவிடுவார், அதனால் விழித்திருப்பவர்களை முதலில் முடியுங்கள். ஐந்து பேர் சண்டை இரண்டு பேர் சண்டையாகிவிடும்.

கேள்வி: ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டு மந்திரத்தில் எங்கள் ஆட்களே எரிகிறார்கள் சார்!

விசார்டின் இரண்டாம் லெவலில் எவொகேஷன் (நெருப்பு, மின்னல் போன்ற தாக்கும் மந்திரங்கள்) பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகை மந்திரங்கள் கூட்டாளிகளைத் தொடாது. இல்லையென்றால் உங்கள் ஆட்கள் உள்ளே நுழையும் முன்பே எறிந்துவிடுங்கள்.

கேள்வி: எல்டன் ரிங்கில் நான் மந்திரம் எய்தவுடன் பாஸ் (பெரிய முதன்மை எதிரி) விலகிவிடுகிறது.

பாஸ் சும்மா நிற்கும்போது எய்யாதீர்கள். அது ஓங்கி அடித்து முடிக்கும் நொடிக்குக் காத்திருங்கள், அப்போது விலக முடியாது. ஸ்பிரிட் ஆஷ் (உதவிக்கு வரும் ஆவி) ஒன்றை அழைத்து பாஸின் கவனத்தைத் திருப்புவதும் உதவும். இன்டெலிஜென்ஸ் 18 இருந்தால் கேலிட் பகுதியின் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளுக்குப் போய் மீட்டியரைட் ஸ்டாஃப் என்ற மந்திரக்கோலை எடுத்துவிடுங்கள். அதை மேம்படுத்த முடியாது, ஆனாலும் வெகுதூரம் கூட வரும்.

கேள்வி: ஸ்கைரிமில் லெவல் ஏற ஏற டிஸ்ட்ரக்‌ஷன் (தாக்கும் மந்திரத் திறமை) வலுவிழக்கிறதே?

திறமை ஏறினால் மந்திரத்தின் செலவுதான் குறைகிறது, சேதம் ஏறுவதில்லை. அதனால் என்சான்டிங்கை (பொருள்களில் மந்திர சக்தி ஏற்றும் திறமை) 100 வரை வளருங்கள். தலை, மார்பு, மோதிரம், கழுத்தணி நான்கிலும் 25 சதவீதச் செலவுக் குறைப்பு ஏற்றினால் டிஸ்ட்ரக்‌ஷன் மந்திரங்களுக்கு மேஜிகாவே (மந்திர ஆற்றல்) செலவாகாது. கூடவே இம்பாக்ட் என்ற பெர்க் (சிறப்புத் திறன்) எடுத்து இரு கைகளாலும் ஒரே மந்திரத்தைச் சேர்த்து எய்யுங்கள், எதிரி தடுமாறிக்கொண்டே இருப்பான்.